போன் நம்பரும் குழு சொத்துதான்!

திருப்பூரில் ஒரு பனியன் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று பல கை மாறித்தான் முடிகிறது. நம் குழுக்களும் ஆர்டர் எடுத்து, வீடுகளுக்குத் தைக்கப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆனால் தைப்பவர்கள் நம்பர் எல்லாம் ஊக்குநர் செல்போனில் மட்டும்! நான் போகும் ஒரு குழுவில் அந்த அக்காவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. எத்தனை பீஸ் யார் வீட்டில் என்றே தெரியலை. சரக்கு இரண்டு நாள் தாமதம். பிடித்தம் தைத்த பெண்களின் கூலியில் விழுந்தது.

அதனால் தனி நோட்டு போடுங்க. பெயர், ஊர், இரண்டு போன் நம்பர், தெரிந்த வேலை (ஓவர்லாக், பிளாட்லாக்), பேசிய கூலி, கொடுத்த பீஸ், திரும்பிய தேதி எல்லாம் எழுதுங்க. மாதக் கூட்டத்தில் நம்பர்களைக் கூப்பிட்டுச் சரிபாருங்க. நோட்டு தீர்மானப் புத்தகத்தோடு இருக்கட்டும். ஆதார், வங்கிக் கணக்கு எண்கள் அதில் வேண்டாம். எழுதி வைத்தால்தான் யார் கூலியும் விட்டுப் போகாது.