சுரங்கத்தில் தேங்கிய வெப்பம்

நெதர்லாந்தின் தென்கோடியில், ஜெர்மனி எல்லையை ஒட்டி இருக்கிறது ஹேர்லன். வருபவர்கள் பார்க்க அங்கே நிறைய உண்டு. ரோமானியர் கட்டிய குளியல் கூடத்தின் அடித்தளம் ஓர் அருங்காட்சியகத்துக்குள் பாதுகாக்கப்படுகிறது. 1935இல் துணிக்கடையாக எழுந்த ‘கண்ணாடி மாளிகை’ இன்றும் நவீனமாகத் தெரிகிறது. தெருவுக்குத் தெரு பெரிய சுவரோவியங்கள். பக்கத்து ஊரான லாண்ட்கிராஃபில், சுரங்கக் கழிவைக் கொட்டி உண்டான குன்றின் மீதே பனிச்சறுக்கு மையம் நடக்கிறது. ஆனால், முக்கால் நூற்றாண்டு காலம் இந்த ஊருக்குச் சோறு போட்ட நிலக்கரியின் அடையாளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரான்யே நாசாவ் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய ஒரு கட்டடம் தப்பித்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊரின் மிகப் பெரிய சொத்து எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் முதலிடத்தில் இல்லை. தண்ணீர் நிரம்பி, நகரத்துக்கு அடியில் கிடக்கும் அந்தச் சுரங்கப் பாதைகள்தான் அது.

1899இல் ஒரான்யே நாசாவ் சுரங்கம் நிலக்கரி எடுக்கத் தொடங்கியபோது ஹேர்லன் சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். தெற்கு லிம்பர்க்கில் மொத்தம் 12 சுரங்கங்கள் வந்தன, ஊர் நகரமானது. 1959இல் வடக்கே குரோனிங்கன் பகுதியில் பிரம்மாண்டமான எரிவாயுப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டதும் கணக்கு மாறியது. 1965 டிசம்பர் 17 அன்று, பொருளாதார அமைச்சர் யோப் டென் அய்ல் ஹேர்லன் நகர நாடக அரங்குக்கே வந்து, சுரங்கங்கள் மூடப்படும் என்று அறிவித்தார். 1974இன் கடைசி நாளோடு எல்லாம் முடிந்தது. சுரங்கங்களில் மட்டும் சுமார் 45,000 பேரின் வேலை போயிற்று. அதற்குப் பின் நடந்தது, தடயங்களைத் துடைக்கும் வேலை. ‘கறுப்பிலிருந்து பச்சைக்கு’ என்ற பெயரில் கழிவுக் குன்றுகள் பலவற்றைக் கரைத்தார்கள், கோபுரங்களைச் சாய்த்தார்கள். ‘நெட்டை யான்’ என்று ஊரார் செல்லமாக அழைத்த புகைபோக்கி 1976இல் தகர்க்கப்பட்டது. நுரையீரலில் கல்தூசி படிந்து மூச்சுக்குத் திணறியவர்களின் ஊர் அது. அவர்கள் அந்தப் புகைபோக்கியை வெறுத்திருந்தால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும், தரைக்கு மேலே இருப்பதை இடித்துவிட்டால் சுரங்கம் முடிந்துபோகும் என்ற அந்த நம்பிக்கை அறிவியல்படி தவறு.

சுரங்கம் இயங்கும்வரை ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் இருந்த ஜெர்மன் சுரங்கங்களுக்குள் வெள்ளம் புகாமலிருக்க, மூடிய பிறகும் இங்கே இறைப்பு தொடர்ந்தது. 1994இல் அதுவும் நின்றது. நீர்மட்டம் மெல்ல ஏறியது. நிலக்கரி வெட்டிய இடங்களில் கூரை சரிந்திருந்தாலும் இடிபாடுகளின் இடுக்குகளிலும், பாறையைக் குடைந்த பிரதான பாதைகளிலும் நீர் நிறைந்தது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பநிலை சுமார் 30 டிகிரி செல்சியஸ் கூடும் என்பது பொதுவான கணக்கு. தரைமட்டத்தில் ஆண்டுச் சராசரி 10 டிகிரி என்றால், 700 மீட்டர் ஆழத்தில் சுமார் 31 டிகிரி இருக்க வேண்டும். அங்கிருந்து எடுத்த நீர் 28 டிகிரி இருந்தது. ஒரு கன மீட்டர் நீரை 10 டிகிரி குளிர வைத்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 11.6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 2008இல் ஹேர்லன் இந்த நீரைக் கொண்டு கட்டடங்களுக்கு வெப்பமும், 250 மீட்டர் ஆழத்து 16 டிகிரி நீரைக் கொண்டு கோடைக் குளிர்ச்சியும் தரத் தொடங்கியது. பழைய குழிகளை எப்போதோ நிரப்பிவிட்டதால் புதிதாகத் துளையிட வேண்டியிருந்தது. சில மீட்டர் அகலமே உள்ள ஒரு பாதையை 700 மீட்டர் கீழே குறிதவறாமல் தொட வேண்டும். அதற்கு வழிகாட்டியவை சுரங்கக் காலத்து வரைபடங்கள்.

28 டிகிரி நீரால் குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக்க முடியுமா என்று கேட்கலாம். நேரடியாக முடியாது. குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுபோல, வெப்ப பம்பு இந்த நீரின் வெப்பத்தைச் சேர்த்து மேலும் சூடான நீராகத் தருகிறது. அதற்கு மின்சாரம் செலவாகும். ஆனால் உயர்த்த வேண்டிய வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறையச் செலவும் குறையும். உறைபனிக் காற்றிலிருந்து தொடங்குவதைவிட 28 டிகிரியிலிருந்து தொடங்குவது மிகச் சிக்கனம். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: எடுத்துக்கொண்டே இருந்தால் பாறை குளிர்ந்துவிடாதா? குளிர்ந்துவிடும். நிலத்தடி வெப்பம் மேலேறும் வேகம் மிகக் குறைவு. ஹேர்லனும் இதை உணர்ந்து, பின்னர் தன் திட்டத்தையே மாற்றியது. இப்போது சுரங்கம் ஒரு களஞ்சியம். தரவு மையமும் பல்பொருள் அங்காடியின் குளிர்பதனக் கருவிகளும் வெளித்தள்ளும் வெப்பம் முதலில் பக்கத்துக் கட்டடங்களுக்குப் போகிறது. மிஞ்சியது கீழே போய்ச் சேமிப்பாகிறது. வேலையிழந்த ஊருக்கு ஈடாக அரசு அனுப்பிவைத்த மத்தியப் புள்ளியியல் அலுவலகப் பிரிவின் கட்டடமும் இந்தக் குழாய்களோடு இணைந்திருக்கிறது.

இன்னும் கடுமையான ஒரு கேள்வி உண்டு. 2011 டிசம்பரில் ஹேர்லனில் ‘லோன்’ வணிக வளாகத்துக்கு அடியில் நிலம் உள்வாங்கியது. கட்டடத்தின் ஒரு பகுதியை இடிக்க வேண்டியதாயிற்று. காரணமாகப் பழைய சுரங்க வெட்டுகளையே சுட்டினார்கள். இப்படிப்பட்ட நிலத்தை நம்பி ஒரு நகரத்தின் வெப்பத்தை ஒப்படைக்கலாமா? என் பார்வையில், இந்த விபத்தே அதற்கான வாதம். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அந்த வெற்றிடங்கள் இருக்கத்தான் செய்யும். நீர் ஏறும், தரை அசையும். கண்காணிப்பு எப்படியும் தேவை. தினமும் நீர்மட்டத்தை அளக்க ஒரு நிறுவனத்துக்குத் தொழில்ரீதியான காரணம் இருப்பது, எல்லோரும் மறந்துவிட்ட குழியைவிடப் பாதுகாப்பு. இதனால் 45,000 வேலைகள் திரும்பிவிடாது என்பது உண்மை. ஹேர்லனின் ரயில் நிலையப் பகுதி பல ஆண்டுகள் ஹெராயினுக்குப் பெயர்போனதாகக் கிடந்த துயரத்தையும் எந்த வெப்பக் குழாயும் ஈடுகட்டாது.

இது ஓர் ஊரின் அதிர்ஷ்டம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. கனடாவின் ஸ்பிரிங்ஹில் 1958இல் 75 தொழிலாளர்களைச் சுரங்க விபத்தில் பலிகொடுத்த ஊர். 1980களின் இறுதியிலேயே அங்கே தொழிற்சாலைக் கட்டடம் சுரங்க நீரால் சூடானது. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 150 மீட்டர் ஆழத்து நீர் வெறும் 15 டிகிரிதான். ஆயினும் 2023 முதல் அது ஆறு மெகாவாட் வெப்ப பம்பை ஓட்டுகிறது. பிரிட்டனில் கால்வாசி வீடுகள் பழைய நிலக்கரி வயல்களின் மேல் நிற்கின்றன. ஆழ்சுரங்கங்களை இனி மூடப்போகும் நாடுகளுக்கு ஹேர்லனுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது: குழியைக் கான்கிரீட்டால் நிரப்பும் முன்பே குழாய்களை உள்ளே இறக்கிவிடலாம். எந்தப் பாதை எதனோடு சேர்கிறது, எங்கே கூரை சரிந்தது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய தொழிலாளர்கள் அப்போது பணியில் இருப்பார்கள்.