'ஒன்லி' எங்கே நிற்க வேண்டும்?

காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி 'ஒன்லி' என்று முடிக்கிறோம்; தமிழில் எழுதினால் 'மட்டும்'. பலரும் இதை வெறும் சம்பிரதாயமாகவே கருதுகின்றனர். உண்மையில் அது தொகைக்கு இடப்படும் பூட்டு. ஆங்கிலத்தில் 'ஃபைவ் தவுசண்ட்' என்று நிறுத்திவிட்டால், அடுத்துள்ள வெற்றிடத்தில் 'நைன் ஹண்ட்ரட்' என்று வேறொருவர் சேர்த்துவிட முடியும். எண்ணாலும் எழுத்தாலும் குறித்த தொகைகள் மாறுபட்டால், எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. தமிழின் 'ஐயாயிரம்' தன்னளவில் ஒரு காவல். மேலும் தொகை சேர்ந்தால் அது 'ஐயாயிரத்து' என உருமாற வேண்டும். ஆங்கில எண்ணுப்பெயருக்கு அந்தக் காவல் இல்லை.

காசோலையில் இறுதியில் நிற்கும் இச்சொல், வாக்கியத்தில் இடம் மாறினால் பொருளும் மாறும். 'தி பேங்க் லென்ட்ஸ் மணி டு ஃபார்மர்ஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 'ஒன்லி' வந்தால், உழவர்களுக்குக் கடன் தருவது அந்த வங்கி மட்டுமே. 'மணி' என்பதற்கு முன் வந்தால், வங்கி தருவது பணம் மட்டுமே; விதையோ உரமோ அன்று. 'டு ஃபார்மர்ஸ்' என்பதற்கு முன் வந்தால், கடன் உழவர்களுக்கு மட்டுமே, வணிகர்களுக்கு இல்லை.

சிக்கல், வினைச்சொல்லுக்கு முன் வரும்போதுதான். ஆங்கிலேயர் பேச்சில் பெரும்பாலும் அங்கேதான் அதை வைக்கின்றனர். அப்போது அது வினையையும் குறிக்கலாம். பின்வரும் எந்தச் சொல்லையும் குறிக்கலாம். பேச்சில் குரலழுத்தம் பொருளைத் தெளிவாக்கிவிடும். எழுத்தில் அந்த உதவி இல்லை.

தமிழில் இக்குழப்பம் குறைவு. 'தான்', 'மட்டும்' ஆகியவை தாம் வரையறுக்கும் சொல்லை ஒட்டியே பின்னால் வரும். ஏகாரத்தின் பொருள்களுள் ஒன்றாகப் 'பிரிநிலை'யைத் தொல்காப்பியம் கூறுகிறது. 'உழவர்க்கே' என்றால் பிறர் விலக்கப்பட்டனர். இப்பழக்கத்தால்தான் 'இங்கேதான் இருக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்கிறோம். நாம் கருதுவது உறுதிப்பொருள். ஆங்கிலேயர் காதில் விழுவதோ வரையறைப் பொருள்.

ஆங்கிலத்தில் விண்ணப்பமோ ஒப்பந்தமோ எழுதுவோர், வரையறுக்க வேண்டிய சொல்லுக்கு நேர்முன்னே 'ஒன்லி'யை வைப்பது நன்று. கடன் பத்திரத்திலும் காப்பீட்டு ஆவணத்திலும் கையொப்பமிடுவோர், அச்சொல் எதற்கு முன் நிற்கிறது என்று பார்த்தபின் பேனாவை எடுக்கட்டும். நமக்குரிய தொகை கிடைக்குமா, கிடைக்காதா என்பதை அந்த ஒரு சொல்லின் இடமே முடிவு செய்துவிடக்கூடும்.