தறி ஓடும் ஊரின் தலைக்கணக்கு

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலைப் பக்கம் இருக்கிறது இளம்பிள்ளை. சேலை வாங்க வெளியூர் வியாபாரிகள் தேடி வரும் ஊர். பேரூராட்சி என்பதால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது நகரம். சுற்றுப்பட்டியில் பல ஊர்கள் கிராம ஊராட்சிகள். தறிச்சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஊராட்சியாகவே இருக்கும் ஓர் ஊரையும் நகரமாகக் கொள்ளக் கணக்கெடுப்பில் மூன்று அளவுகோல்கள் உண்டு. குறைந்தது 5,000 பேர் வசிக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். முழுநேரமாக உழைக்கும் ஆண்களில் 75 சதவீதத்தினராவது வேளாண்மைக்கு வெளியே பிழைக்க வேண்டும். ஊரின் தன்மையை முடிவு செய்யும் இந்த மூன்றாவது கணக்கில் பெண்களின் உழைப்பு சேர்வதே இல்லை. தறிக்காரர் வீடுகளில் ஊடைநூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றுவதும், பழைய பாவோடு புதிய நெடுக்குநூலை இணைத்துப் பாவு புணைப்பதும் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. அந்தக் கை நின்றால் தறியும் நிற்கும்.

சாதியும் மொழியும் இங்கே பலவாகக் கலந்து கிடக்கின்றன. நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கரும் செங்குந்தரும் சேலம் வட்டாரத்தின் பழைய குடிகள். தேவாங்கர் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள், தெருவில் தமிழ். குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மன். வன்னியரும் கொங்கு வேளாளரும் காடு கழனி பார்த்தவர்கள். அருந்ததியரில் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு. ஆதிதிராவிடர் குடியிருப்புகளும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 16.67 சதவீதம், பழங்குடியினர் 3.43 சதவீதம். மற்ற சாதிகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பு கடைசியாக வெளியிட்டது 1931இல்.

கையால் நெய்யும் குழித்தறி குலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விசைத்தறி அப்படி இருக்கவில்லை. மழை பொய்த்துக் கிணறு வற்றியபோது, சேலம், நாமக்கல் சமவெளியில் வெள்ளாமை பார்த்த குடும்பங்களும் தறி போட்டன. சாதிப் பிரிவு அதனால் மறைந்துவிடவில்லை. அதன்மேல் இன்னொரு பிரிவு ஏறியது. தறி வைத்திருப்பவர் ஒரு பக்கம், கூலிக்கு ஓட்டுபவர் மறுபக்கம். கூலிக்காரர் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்கினால், அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போவது கடினம். கணக்கெடுப்புத் தாளில் இருவருமே வேளாண்மை அல்லாத தொழில் செய்வோர்தான்.

இந்த மாவட்டத்தின் எண்களில் மிகவும் வலிப்பது குழந்தைகளின் எண். 2001இல் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குச் சேலம் மாவட்டத்தில் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தார்கள். பிறந்தவுடன் கொல்லப்பட்டவர்களும் கருவிலேயே அழிக்கப்பட்டவர்களும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். சாதி எதுவானாலும் காரணமாகச் சொல்லப்படுவது சீர்வரிசைச் செலவு, ஆண் வாரிசு ஆசை. தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. வேண்டாம் என்று கருதிய பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது ஏற்பாடு. ஸ்கேனில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. 851 என்ற எண் 2011இல் 916 ஆக உயர்ந்தது. அப்போது மாநிலச் சராசரி 943.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதில் எல்லாச் சாதிகளும் எண்ணப்பட இருக்கின்றன. தார் சுற்றும் பெண் ‘தொழிலாளி’ என்று பதிவாவாளா, ‘வீட்டு வேலை’ என்று பதிவாவாளா என்பது, கணக்கெடுப்பவர் வாசலில் நின்று யாரிடம், எப்படிக் கேட்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.