சாகாத ஆடும் சமைக்காத வெங்காயமும்: பெரம்பலூர், அரியலூர் மண் சொல்லும் பணச் சுதந்திரக் கணக்கு தெரியுமா?

பெரம்பலூர் என்றதும் சாத்தனூர் கல்மரம் நினைவுக்கு வரும். 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டு வயது! அரியலூர் என்றால் சிமென்ட் ஆலைகள், கங்கைகொண்ட சோழபுரம். ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. கடன்காரனுக்குப் பயப்படாமல், அடுத்த மாதச் செலவை நினைத்துத் தூக்கம் கெடாமல், தன் நாளைத் தன் விருப்பப்படி வாழ்வது எப்படி என்ற பாடம் இங்கே கல்வெட்டிலும் வயலிலும் ரயில் பாதையிலும் பதிந்து கிடக்கிறது! எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதிதான்: முதலைத் தொடாதே, விளைச்சலில் வாழ். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு விளக்கை என்றென்றும் எரிய வைக்க எத்தனை ஆடுகள் வேண்டும், தெரியுமா?

தொண்ணூற்றாறு! சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க விரும்பியவர்கள் எண்ணெய்க்கு மாதாமாதம் காசு கொடுக்கவில்லை. ஆட்டு மந்தையைக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கணக்கு துல்லியமாக இருக்கிறது: ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். மந்தையைப் பெற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

இதில் ஆச்சரியம் எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. ஆடு சாகாமல் இருக்குமா? இருக்காது. கிழடாவதற்கும் சாவதற்கும் ஈடாகக் குட்டிகளை மந்தையில் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் கடமை. மிஞ்சிய குட்டியும் பாலும் அவருடைய பிழைப்புக்கு. முதல் அப்படியே நிற்கும், விளைச்சல் விளக்கை எரிக்கும். அரியலூர் பக்கம் பழுவேட்டரையர்கள் ஆண்ட பழுவூர்க் கோயில்களிலும் இப்படிப்பட்ட விளக்குக் கொடைகளின் கல்வெட்டுகளைக் காணலாம்.

ஆயிரம் ஆண்டு கழித்து, 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் ஒரு கேள்வி கேட்டார்: ஓய்வு பெற்றவர் சேமிப்பில் ஆண்டுக்கு எவ்வளவு எடுத்தால் 30 ஆண்டுகளுக்குப் பணம் தீராது? விடையாக அவர் சொன்னது சுமார் 4 சதவீதம். அதையே திருப்பிப் போட்டால், ஓர் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தவர் 30 ஆண்டுகளுக்குச் சம்பளத்தை எதிர்பார்க்கத் தேவையில்லை. இடையருக்குத் தெரிந்திருந்த கணக்குக்கு நெருங்கிய உறவு!

உண்ணும் பொருளை உண்ணாமல் காப்பது எப்பேர்ப்பட்ட சேமிப்பு, தெரியுமா?

சின்ன வெங்காயச் சாகுபடியில் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டம் பெரம்பலூர். செட்டிகுளம், பாடாலூர், இரூர் பக்கம் போனால் வயலோரங்களில் பட்டறைகளைப் பார்க்கலாம். தரையைத் தொடாமல் கல்லின் மேல் குச்சிகளைப் பரப்பி, பக்கங்களில் தட்டி கட்டி, மேலே கூரை போட்டு, காற்று உள்ளே புகுந்து வெளியே போகும்படி அமைத்த வெங்காயக் கிடங்கு. மின்சாரம் வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம். நன்றாக ஆறவைத்த வெங்காயம் அதற்குள் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்!

அந்தப் பட்டறை என்ன செய்கிறது பாருங்கள். சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் வெங்காயத்தையே நட்டுப் பயிர் செய்கிறார்கள். ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை விதை வெங்காயம் தேவை. கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 500 கிலோவுக்கு 30,000 ரூபாய்! தன் பட்டறையில் விதை வைத்திருக்கும் விவசாயி அந்தப் பணத்துக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கிலோ 20 ரூபாய்க்கு விழுவதும் 100 ரூபாயைத் தாண்டுவதும் இந்தப் பயிரில் சகஜம். விலை விழுந்த வாரத்தில் "இன்றைக்கு விற்க மாட்டேன்" என்று சொல்லும் துணிவையும் பட்டறைதான் தருகிறது. அந்தத் துணிவுக்குப் பெயர்தான் பணச் சுதந்திரம்.

20,000 சம்பாதிப்பவர் 30,000 சம்பாதிப்பவரை முந்துவது எப்படி, தெரியுமா?

ஒரு வீட்டில் மாத வருமானம் 30,000, செலவு 27,000. மீதி 3,000. அடுத்த வீட்டில் வருமானம் 20,000, செலவு 14,000. மீதி 6,000. முதல் வீட்டுக்காரர் ஒரு மாதச் செலவைச் சேர்க்க ஒன்பது மாதம் உழைக்க வேண்டும். இரண்டாம் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமும் பத்து நாளும் போதும்!

பத்து ஆண்டு ஓடட்டும். வட்டியைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். முதல் வீட்டில் 3,60,000 இருக்கும். அது அவர்களுக்குப் பதின்மூன்று மாதச் செலவு. இரண்டாம் வீட்டில் 7,20,000. அது நான்கு ஆண்டுக்கும் மேலான செலவு! சம்பளச் சீட்டைப் பார்த்து ஊர் யாரைப் பணக்காரர் என்கிறதோ, அவர் கையில் இருப்பது ஓராண்டுதான். வரவுக்கும் செலவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே ஒருவரின் ஆயுளை அவருக்கே திருப்பித் தருகிறது.

மாதம் ஆயிரம் ரூபாய் குறைத்தால் மூன்று லட்சம் மிச்சம், தெரியுமா?

25 மடங்கு கணக்கை இங்கே பொருத்துங்கள். மாதம் 1,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 12,000. அதற்கு 25 மடங்கு 3,00,000. ஒரு தேவையற்ற செலவை, ஒரு தவணையை, மாதம் ஆயிரம் ரூபாய் அளவுக்கு நிரந்தரமாக நிறுத்தினால், சுதந்திரத்துக்குச் சேர்க்க வேண்டிய முதலில் மூன்று லட்சம் குறைந்துவிடுகிறது! அந்த ஆயிரமும் சேமிப்பில் சேர்கிறது. ஒரே வெட்டில் இரண்டு லாபம். பெங்கனின் கணக்கு அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்டது. நம் விலைவாசி ஏற்றத்துக்கு 30 மடங்கோ அதற்கு மேலோ வைத்துக்கொள்வது நல்லது. அப்படி வைத்தால் அந்த ஆயிரம் ரூபாயின் மதிப்பு இன்னும் கூடுகிறது!

அரியலூர் விபத்துக்காகப் பதவியை விட்ட மனிதர் கடன் வாங்கிக் கார் வாங்கியது தெரியுமா?

1956 நவம்பர் 23 அதிகாலை. பெருமழையில் மருதையாறு பொங்கியது, பாலம் உடைந்தது, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு ரயில் வெள்ளத்தில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தார்மீகப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

ஒரு நொடியில் அமைச்சர் பதவியை உதறித் தள்ள அவரால் எப்படி முடிந்தது? அவருடைய வாழ்க்கை முழுக்கவே குறைந்த செலவில் கட்டப்பட்டது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் அவர் சிறையிலிருந்தபோது, மக்கள் ஊழியர் சங்கம் என்ற அமைப்பு குடும்பத்துக்கு மாதம் 50 ரூபாய் அனுப்பியது. அதில் 10 ரூபாய் மிச்சமாகிறது என்று மனைவி லலிதா எழுத, அந்தப் பத்து ரூபாயைக் குறைத்து 40 மட்டும் அனுப்பும்படி சங்கத்துக்கு அவர் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள்!

பிரதமரான பிறகு குடும்பத்துக்காக 12,000 ரூபாயில் ஃபியட் கார் வாங்க, வங்கியில் இருந்தது 7,000 மட்டும். மீதி 5,000 பஞ்சாப் நேஷனல் வங்கிக் கடன். 1966 ஜனவரி 11 அன்று அவர் தாஷ்கண்டில் காலமானபோது அந்தக் கடன் பாக்கி. லலிதா சாஸ்திரி தம் ஓய்வூதியத்திலிருந்து அதைக் கட்டி முடித்தார். எளிய செலவுக்குப் பழகியவரைப் பதவி கட்டிப்போடாது. நம் அலுவலகத்திலும் கடையிலும் மனசாட்சிக்கு ஒவ்வாத ஒன்றைச் செய்யச் சொன்னால் "முடியாது" என்று எழுந்து வருவதற்கு, அதே பலம்தான் நமக்கும் வேண்டும்.

'மூணு வட்டி' என்பது எத்தனை சதவீதம், தெரியுமா?

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆண்டுக்கு 36 சதவீதம்! 50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,500 வட்டி. சுமார் இரண்டே முக்கால் ஆண்டில் வாங்கிய தொகை அளவுக்கு வட்டி கட்டி முடித்திருப்பீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. பத்து வட்டி என்றால் பத்தே மாதம்! ராஜராஜன் காலத்தில் தஞ்சைக் கோயிலின் பணத்தைக் கடனாகப் பெற்ற ஊர்ச் சபைகள் ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி தந்தன. அது 12.5 சதவீதம், அதாவது 'ஒரு வட்டி'யைவிடக் கொஞ்சம்தான் கூட.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி நேர வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது! சேமிப்பைத் தொடங்கும் முன் இந்த வட்டிக் கடனை அடைத்துவிடுங்கள். 36 சதவீதக் கடனை அடைப்பதற்கு இணையான வருமானம் எந்த வைப்புத் தொகையிலும் கிடைக்காது.

வட்டி வெளியே போகாமல் வீட்டுக்கே திரும்பும் வழி தெரியுமா?

மகளிர் சுய உதவிக் குழு! 1989-இல் தருமபுரியில் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கியது. 1997-98-இல் மகளிர் திட்டமாக விரிந்தது. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து சேமிக்கிறார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடன் தந்துகொள்கிறார்கள். ஓர் அக்கா கட்டும் வட்டி அந்தக் குழுவின் முதலைத்தான் வளர்க்கிறது. ஏலச்சீட்டிலும் இதே அழகு உண்டு, ஒரு எச்சரிக்கையோடு: 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு எண் காட்டாத சீட்டில் ஒரு தவணையும் கட்டாதீர்கள்.

டவுன் பஸ் ஏறினால் சொத்து சேரும், தெரியுமா?

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. குன்னத்திலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ வேலைக்குப் போகும் ஒரு தங்கை அதில் 880 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், ஐந்து ஆண்டில் போட்ட தொகை மட்டுமே 52,800! வட்டி தனி. ஆனால் மிச்சமான நாளிலேயே அதைப் பிரித்து வைக்க வேண்டும். பர்ஸில் தங்கிய மிச்சம் மாதக் கடைசியில் காணாமல் போய்விடும்.

மாலை மாற்றினாலே சட்டப்படி திருமணம், தெரியுமா?

ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பை ஒரே நாளில் கரைப்பது கல்யாணம்தான். 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் சுயமரியாதைத் திருமணம் ஒன்றை நடத்தி வைத்தார். 1967-இல் அண்ணாவின் அரசு அதற்குச் சட்ட வடிவம் தந்தது. இந்து மணமக்கள் உற்றார் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும்! பிறகு பதிவு செய்துவிட்டால் முடிந்தது. மண்டபத்துக்கும் பந்திக்கும் வட்டிக்கு வாங்காத ஜோடி, வாழ்க்கையின் முதல் நாளிலேயே முதலோடு தொடங்குகிறது.

சிமென்ட் ஊரில் செங்கல்லை மிச்சப்படுத்தும் வித்தை தெரியுமா?

கடலாக இருந்த மண்ணின் சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூர் சிமென்ட். சிமென்ட் பக்கத்தில் கிடைத்தாலும் செங்கல் செலவைக் குறைக்க வேண்டுமே! அதற்கு லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர், கேரளத்தில் எளிய வீடுகளுக்கு ஒரு முறையைப் பரப்பினார்: செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம்! உள்ளே இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கிறது. வீட்டுக்கடன் சுருங்கினால் அதைக் கட்ட உழைக்கும் ஆண்டுகளும் சுருங்கும்.

முதல் அடி எது, தெரியுமா?

தஞ்சையில் பிறந்து, லண்டனில் கணக்காயம் படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்று, கடைசியில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் எளிமையாக வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, இயற்கையின் முதலை அழிக்காமல் விளைச்சலில் வாழும் பொருளாதாரமே நிலைக்கும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். நாட்டுக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும்.

இந்த மாதம் ஒரு நோட்டு எடுங்கள். எது எதற்குச் செலவானது என்று நாள்தோறும் எழுதுங்கள். மாதக் கடைசியில் வரும் கூட்டுத்தொகைதான் உங்கள் 'ஒரு மாதம்'. அந்தத் தொகை கையில் சேரும் வரை புதிதாக எதையும் தவணையில் வாங்காதீர்கள். ஒரு மாதம் சேர்ந்துவிட்டால், திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்காரர் வாசல் வேண்டாம். மூன்று மாதம் சேர்ந்தால், பிடிக்காத வேலையில் தலைகுனிய வேண்டாம். ஓராண்டு சேர்ந்தால், புதிய தொழிலைத் தைரியமாகத் தொடங்கலாம். 25 ஆண்டுச் செலவு சேரும் வரை காத்திருந்துதான் சுதந்திரத்தை ருசிக்க வேண்டும் என்பதில்லை. முதல் மாதம் சேர்ந்த அன்றைக்கே அதன் முதல் பங்கு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது!