எதைக் கொண்டு ஒட்டியது?

பழைய மாண்டலின் ஒன்று கைமாறும்போது வாங்குகிறவர் வழக்கமாகக் கேட்பவை: எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை வருஷப் பழசு, கழுத்து நேராக இருக்கிறதா, பெட்டி உண்டா. எதைக் கொண்டு ஒட்டியது என்று கேட்பவர் அரிது. வேறு ஊர்களில் கேட்காமல் விட்டால் போகட்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் வாடையிலேயே வளர்ந்த நாமும் கேட்காமல் விடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உலகத்தின் நல்ல மாண்டலின்களைக் காலங்காலமாகச் சேர்த்துப் பிடித்திருந்த வச்சிரப் பசை, நம் தோல் ஷாப்புகளில் வழித்துத் தள்ளும் கழிவிலிருந்து காய்ச்சப்படுவது.

பழைய கேமரா, பழைய கைக்கடிகாரம் சேர்ப்பவர்களின் வரிசையில் இப்போது பழைய வாத்தியம் சேர்ப்பவர்களும் வந்துவிட்டார்கள். வெளிநாட்டு விலைகள்தான் பேச்சுக்கு ருசி. அமெரிக்காவின் கலமசூ நகரில் லாய்ட் லோர் மேற்பார்வையில் 1922 முதல் 1924 வரை செய்த எஃப்-5 ரக மாண்டலின், உள்ளே அவர் கையெழுத்திட்ட சீட்டோடு கிடைத்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகும். புளூகிராஸ் இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் பில் மன்றோ, 1923-ல் செய்த அப்படி ஒன்றை 1940-களில் ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் பார்த்து 150 டாலருக்கு வாங்கினார். சேகரிப்பாளர்கள் கூடும் இடத்தில் இந்த 150 டாலர் கதை வராமல் இருக்காது. அதன் பிற்பாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1985-ல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து அந்த மாண்டலினை அடித்து நொறுக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்புகளாகக் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்து, அதை மறுபடி வாசிக்கும் கருவியாக்கினார்கள். 1996-ல் இறந்த மன்றோ அதற்குப் பிறகும் அதை மேடையில் வாசித்தார். மரக்கருவி உடையும், பிரியும், திரும்பச் சேரும். சேர்க்கத் தெரிந்தவர் கையில், சேர்க்க விடும் பசையோடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

நம் பக்கத்துச் சந்தை அந்த உயரத்தில் இல்லை. நமக்கு மாண்டலின் என்றால் ஸ்ரீனிவாஸ். பாலகொல்லுவில் 1969-ல் பிறந்து, 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் மறைந்தவர். அவர் கையிலிருந்தது வேறு ஜாதிக் கருவி. இரட்டைத் தந்திகளை அழுத்திக் கமகம் பிடிப்பது பெரும்பாடு என்பதால் ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்து, கூடில்லாத மின் மாண்டலினில் வாசித்தார். அவரைப் பார்த்துக் கற்க வந்த பிள்ளைகளும் அதே மாதிரிதான் செய்து வாங்கிக்கொண்டார்கள். எட்டுத் தந்தியும் உள்கூடும் உள்ள பழைய வகை கச்சேரி மேடைக்கு வெளியே, சினிமாப் பாட்டிலும் மெல்லிசைக் குழுவிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் பிழைத்தது. கீபோர்டு வந்ததும் மெல்லிசைக் குழுவில் அதற்கான நாற்காலியும் போயிற்று. வாசித்தவர் காலத்துக்குப் பின் பரணிலும் கட்டிலுக்கடியிலும் கிடந்தவைதான் இன்று விலைக்கு வருகின்றன.

வருபவை பெரும்பாலும் கொல்கத்தாவில் செய்தவை. எப்போதாவது முதுகு புடைத்த இத்தாலிய மாண்டலின் ஒன்று கண்ணில் படும். ஷூ ஆர்டர் பேச அந்த நாட்டுக்குப் போய்வரும் ஊரில் இதில் வியப்பில்லை. மாண்டலினின் அந்தப் புடைத்த வடிவம் 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்து வினாச்சா குடும்பத்தார் கையில் உருப்பெற்றது. அதே வட்டாரத்தில் மலையடிவாரத்து சோலோஃப்ரா, ஆட்டுத்தோல் பதனிடுவதற்குப் பேர்போன ஊர். தோல் பதனிடும் ஊரும் மாண்டலின் செய்யும் நகரமும் அங்கே ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இல்லை.

அப்படி அங்கிருந்து கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பழைய நேப்பிள்ஸ் மாண்டலின்களின் முகப்பில், மீட்டுக்கட்டை உரசும் இடத்தில் பளபளக்கும் பழுப்புத் தகடு பல சமயம் நிஜமான ஆமை ஓடு. அதற்காகக் கொல்லப்பட்ட அழுங்காமை பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. பிரேசில் ஈட்டி மரமும் 1992 முதல் அதே பட்டியலில்தான். ஆவணமில்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே கருவியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஆம்பூரில் ஒரு வீட்டு வராந்தாவில் எட்டுத் தந்தி மாண்டலின் ஒன்றைப் பார்த்தேன். விற்றவர் நல்ல மனிதர். அதைத் துடைத்து, தந்தி மாற்றி, கீழ்விளிம்பில் வாய்பிளந்திருந்த முதுகுப் பலகையையும் ஒட்டி வைத்திருந்தார்.

"இது எப்ப ஒட்டுனது பாய்?"

"போன மாசம்தான் சார். ஷூ கம்பெனிக்குப் பொட்டி செய்ற ஆசாரிகிட்ட குடுத்தேன். இனிமே பிரியவே பிரியாது."

அவர் பெருமையாகச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் என் வயிற்றைக் கலக்கியது. துளைக்குள் சின்ன டார்ச்சை விட்டு, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியால் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஒட்டிய இடம் முழுக்க ஒளி ஊடுருவும் ரப்பர் போன்ற பசை வழிந்து உறைந்திருந்தது. வெளியே பிதுங்கியிருந்ததை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல எழும்புகிறது. எதிர்ப்பக்கம், ஆசாரி கை வைக்காத விளிம்பில், ஆதியில் ஒட்டிய பசை வேறு மாதிரி இருந்தது: முறிந்த வெல்லப்பாகுச் சில்லு போலப் பழுப்பாக, மொறமொறப்பாக. பஞ்சை வெந்நீரில் நனைத்து அதன்மேல் சற்று நேரம் வைத்திருந்தேன். விரலில் பிசுபிசுத்தது. வச்சிரம்தான், சந்தேகமில்லை. அதற்குள் முகப்புப் பலகை குதிரைக்குக் கீழே அமிழ்ந்திருப்பதும் தெரிந்தது. உள்ளே அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒரு முனையில் விட்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய முதுகைக் கழற்ற வேண்டும். பழைய பக்கம் சூடான மெல்லிய கத்திக்கு விட்டுக்கொடுத்துக் கழன்று வரும். புதிதாக ஒட்டிய பக்கம் மரத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். நான் வாங்கவில்லை.

இதில் அந்த ஆசாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் போட்டது டப்பாவில் வரும் வெள்ளைப் பசை, காய்ந்தால் ஒளி ஊடுருவும்; பெட்டிக்கும் அலமாரிக்கும் அது அருமையான பசை. அலமாரியை யாரும் சதா இழுத்துக்கொண்டிருப்பதில்லை. மாண்டலினில் எட்டு எஃகுத் தந்திகள் சேர்ந்து ராத்திரி பகலாக 70 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அந்த இழுவையைக் கழுத்து மூட்டும் முகப்பும் விளிம்பும் தாங்க வேண்டும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பராகவே இருக்கும். ஓயாத இழுவைக்கு மயிரிழை மயிரிழையாக நகர்ந்து கொடுக்கும். சூடு ஏறினால் இன்னும் இளகும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் வேலூரில், வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் ஒரு மத்தியானம் இருந்த மாண்டலினின் கழுத்து முன்னால் சாய்ந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தந்திக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி கூடும், விரல் நோகும், மேல் ஸ்வரங்கள் பிசகும். "இந்தக் கருவி இப்படித்தான்" என்று சொல்லி அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

வச்சிரம் காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், நகராது. அதே சமயம் சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் இளகிக் கொடுக்கும். மூட்டு எந்த இடத்தில் பலவீனமோ அந்த இடத்தில் மரத்தைக் காயப்படுத்தாமல் விடும். விட்ட இடத்தில் பழைய வச்சிரத்தின்மேலேயே புது வச்சிரம் பிடிக்கும். வெள்ளைப் பசை ஊறிய மரத்தில் எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது. அதே பசைகூட இரண்டாம் தரம் பிடிக்காது. எபாக்சி போட்டிருந்தால் கதை அதோடு முடிந்தது. ஒரு முறை தவறாக ஒட்டிய மாண்டலின், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பழுதுபார்ப்பவரின் கையையும் கட்டிப்போடுகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். உப்புத் தோல் வந்ததும் ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, சதைப்பக்கத்தை வழிக்கிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலும் இதுதான் முதல் வேலை. 1970-களில் அரசு அரைகுறைப் பதத்தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, குரோம் டிரம்கள் பெருகிய பிறகும் இதுதான் முதல் வேலை. குரோமில் பதனிட்ட தோலின் சீவல் வச்சிரத்துக்கு லேசில் உதவாது. வழிக்கும் சதைக்கழிவோ பதனிடுவதற்கு முன்பே வந்துவிடுவதால் குரோம் படாதது. அதைக் கழுவி, சுண்ணாம்பை நீக்கி, கொதிக்க விடாமல் வெந்நீரில் வேகவைத்தால் சாறு இறங்கும். முதல் சாறு வெளுப்பானது, வலுவானது. வாத்தியம் செய்பவர்கள் கேட்பது அதைத்தான். அடுத்தடுத்த சாறுகள் கறுத்து வலுக்குறைந்து அட்டைப்பெட்டி போன்றவற்றுக்குப் போகும்.

தோல் கழிவு என்ற சொல் வந்தாலே, அதனால் கெட்ட பாலாற்றின் கதையையும் பேசியாக வேண்டும். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது. ஆற்றுக்கு நடந்த கொடுமையை நான் சிறிதாக்கவில்லை. அதே கழிவில் ஒரு பங்கு, ஒழுங்காகக் காய்ச்சினால், உலகத்தின் எந்த வாத்தியப் பட்டறையிலும் மதிப்புள்ள சரக்காகும் என்பதும் உண்மைதான். வாத்தியத் தரத்து வச்சிரம் வெளிநாடுகளில் வலுவை எண்ணாகக் குறித்துச் சிறு சிறு பொட்டலங்களில் விற்பனையாகிறது. 192 என்ற எண் வாத்தியக்காரர்களுக்கு மனப்பாடம். இத்தனை தோல் புரளும் நம் வட்டாரத்தில், ஒரு மாண்டலின் முதுகு பிளந்தால் கை நீள்வது வெள்ளை டப்பாவை நோக்கி.

வச்சிரம் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஐப்பசி மழையில் இளகும், கரப்பான் அரிக்கும், காய்ச்சினால் வீடு நாறும் என்பார்கள். உண்மைதான், கருவியை ஈரச் சுவரில் சாத்தி வைக்காமல் இருந்தால் முதல் இரண்டும் தீரும், மூன்றாவது தோல் ஊர்க்காரர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

பெட்டியையும் பார்க்கத்தான் வேண்டும். தோல் ஊரில் மாண்டலின்கள் ரெக்சின் உறையில் தூங்குகின்றன. ரெக்சினில் இருக்கும் மென்மையாக்கி வெயிலில் கசிந்து பழைய அரக்கு வார்னிஷைப் பிசினாக்கிவிடும். உறையின் சுருக்கங்கள் அப்படியே கருவியின் முதுகில் பதிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பருத்தித் துணியில் சுற்றி வைத்தாலே போதும். தோள்வார் வேண்டுமென்றால் பட்டையில் பதனிட்ட தோலை வெட்டித் தரச் சொல்லுங்கள்; நம் ஊரில் துண்டுத் தோலுக்குப் பஞ்சமா?

வச்சிரம் வைக்கத் தெரிந்தவர் இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. வயலின் செப்பனிடுபவர்களுக்கு அது அன்றாட வேலை. அந்தக் கையே மாண்டலினுக்கும் ஆகும். வச்சிரத்தை முதல்நாள் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, மறுநாள் ஒரு பாத்திரத்து வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து 60 டிகிரி அளவில் கரைக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். மூட்டையும் லேசாகச் சூடாக்கி, பசை உறையுமுன் பிடிப்பான் மாட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். தச்சுப் பட்டறைகளில் வயதான ஆசாரிகளைக் கேட்டுப் பாருங்கள். வச்சிரச் சட்டியை அடுப்பில் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இளைய கைகளுக்கு அதைக் காட்டிக்கொடுக்க இன்னும் முடியும்.

விற்கிறவர்கள் ஒன்று செய்யலாம். எப்போது, எதைக் கொண்டு, எந்த இடத்தை ஒட்டியது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக் கருவியோடு கொடுங்கள். வாங்குகிறவர்கள் டார்ச்சும் கண்ணாடியும் கொண்டு போங்கள். "புதுசா ஒட்டியாச்சு" என்பதைக் கூடுதல் விலைக்குக் காரணமாக ஏற்காதீர்கள். ஏற்கெனவே வெள்ளைப் பசை ஏறிய மாண்டலின் என்றால் அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்குங்கள். வாங்கியபின் தந்திகளை இரண்டு ஸ்வரம் தளர்த்தி வைத்து, விவரம் தெரிந்தவர் பார்க்கும்வரை அந்த மூட்டில் வேறு எந்தப் பசையும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.