பத்திலொன்றும் கணிப்பொறியும்

ஒன்றை மூன்றால் வகுக்குமாறு கணித ஆசிரியர் பணித்த நாளை எம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். 0.3333 என எழுதிக்கொண்டே செல்வோம். தாள் முடியும், விடை முடியாது. ஈற்றில் ஓரிடத்தில் மட்டந்தட்டி நிறுத்துவோம். கணிப்பொறிக்கும் இவ்விடர் உண்டு. ஆயின், எமக்கு மிக எளிதாய்த் தோன்றும் பத்திலொன்றிலேயே அஃது இடறிவிடுகின்றது.

பொறி 0, 1 என்னும் ஈரிலக்கங்களாலேயே எண்ணுவது. அரை, கால், அரைக்கால் என இரண்டின் வலுக்களால் வகுபட்ட பின்னங்களை அது பிழையின்றி எழுதும். பத்திற்கு ஐந்தும் ஒரு காரணியாதலின், பத்திலொன்று துவித முறையில் முடிவின்றி மீள்கின்றது. இன்று பெரிதும் வழங்கும் மிதக்கும் புள்ளி முறையில் அது 53 துவித இலக்கங்களோடு மட்டந்தட்டப்படும். அதனாற்றான் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்னும் விடை வருகின்றது. மாணவர் இதனைக் கண்டு நகைப்பதுண்டு. நகைப்புக்கிடமில்லாத நிகழ்ச்சியொன்றும் உண்டு.

1991 பெப்புருவரி 25 ஆம் நாள் சவூதி அரேபியாவின் தகுரானில், ஈராக்கிய ஸ்கட் ஏவுகணையொன்று அமெரிக்கப் படையினரின் பாசறையில் வீழ்ந்து 28 பேர் மாண்டனர். அதனைத் தடுக்கவேண்டிய பேற்றியட் தொகுதி எதிர்க்கணையை ஏவவேயில்லை. அதன் கடிகாரம் பத்திலொரு செக்கன்களை முழுவெண்ணாக எண்ணியது, அவ்வெண்ணிக்கையிற் பிழையில்லை. செக்கனாக மாற்றுதற்கு அதனைப் பத்திலொன்றாற் பெருக்கியபோதே பிழை புகுந்தது. பொறியிலிருந்த பத்திலொன்று 24 இலக்க இடத்துள் வெட்டப்பட்டு, ஏறத்தாழக் கோடியிலொன்று குறைந்திருந்தது. (இது மிதக்கும் புள்ளியன்று, நிலைத்த புள்ளி; நோய் ஒன்றே.) தொகுதி ஏறத்தாழ 100 மணித்தியாலம் இடைவிடாது இயங்கியமையால் குறை 0.34 செக்கனாயிற்று. செக்கனுக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் விரையும் கணை அதற்குள் அரைக் கிலோமீற்றருக்கு மேற் கடந்துவிடும். பொறியோ அதனை வேறிடத்தில் தேடிக்கொண்டிருந்தது. திருத்திய செய்நிரல் மறுநாள் அங்கு வந்துசேர்ந்தது.

பத்திலொன்றாற் பெருக்காது பத்தால் வகுத்திருப்பின் பிழை இவ்வாறு வளர்ந்திராது. பத்து என்பது பொறி பிழையின்றி எழுதவல்ல எண். பணக்கணக்கிலும் அவ்வாறே: ரூபாவைப் பின்னமாக்காது சதங்களை முழுவெண்ணாக எண்ணுதல் வேண்டும். இரு விடைகள் சமமோ என வினவுதலிலும், அவற்றின் வேறுபாடு ஏற்கத்தக்க அளவினுள் உள்ளதோ என வினவுதல் நன்று. நீண்ட நிரலைக் கூட்டுவோர்க்கு 1965 இல் வில்லியம் ககான் வெளியிட்ட முறை பெரிதும் உதவும். அது ஒவ்வொரு கூட்டலிலும் உதிரும் துணிக்கையைத் தனியே பேணி, அடுத்த கூட்டலிற் சேர்த்துவிடுகின்றது.