நிறுத்தக்குறிப் பெயர்களும் எழுத்துவகைப் பெயர்களும்: தேனி வட்டாரச் சாசனங்களை முன்வைத்து

முன்னுரை

தமிழில் எழுத்துவகைப் பெயர்களும் நிறுத்தக்குறிப் பெயர்களும் வெவ்வேறு அடிப்படையில் அமைந்தவை. அவ்வேறுபாடு சாசனப் பதிப்பில் பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்துவகைப் பெயர்கள்

ஆண்டிபட்டியை அடுத்த புலிமான்கோம்பையில் 2006இல் கா. ராஜன் தலைமையிலான தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டறிந்த நடுகற்கள் தமிழ்ப் பிராமிப் பொறிப்புடையவை. உத்தமபாளையத்துச் சமணச் சிற்பங்களின் பெயர்ப் பொறிப்புகள் வட்டெழுத்தில் உள்ளன. சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. வட்டெழுத்து என்பதற்கு வளைந்த வடிவுடைய எழுத்து என்றே பெரும்பாலும் பொருள் கொள்வர். இசுப்பானிய அச்சுவழக்கில் ‘ரெதோந்தா’ என்னும் சொல்லும் வட்டமானது என்றே பொருள்படும். ஆயின் அது சாய்வெழுத்துக்கு மாறான நேரெழுத்தைச் சுட்டுவது. வட்டெழுத்தோ தனியொரு வரிவடிவம். இரண்டுக்கும் பெயர்க்காரணம் ஒன்று. பெயர் பெற்ற பொருள் வேறு.

நிறுத்தக்குறிப் பெயர்கள்

இசுப்பானியத்தில் முக்காற்புள்ளி ‘தோஸ் புந்தோஸ்’, அதாவது இரண்டு புள்ளிகள். அரைப்புள்ளி ‘புந்தோ இ கோமா’, அதாவது புள்ளியும் கோமாவும். இவை கண்ணுக்குத் தோன்றும் வடிவைச் சுட்டுகின்றன. கால், அரை, முக்கால், முற்று என்னும் தமிழ்ப் பெயர்களோ நிறுத்தத்தின் அளவைச் சுட்டுகின்றன. மேலும், தொல்காப்பியத்தில் மெய்யெழுத்தின் அடையாளமாகிய புள்ளி, இப்பெயர்களில் தொடரின் அடையாளமாக விரிவுற்றுள்ளது.

பதிப்பும் பொருளும்

சாசனங்களில் மெய்க்குரிய புள்ளியே அருகித்தான் காணப்படும். இக்கால நிறுத்தக்குறிகள் அறவே இல்லை. ஆகவே அவற்றில் நிறுத்தம் காண்பது பதிப்பாசிரியர் செயலாகும். புலிமான்கோம்பை நடுகல் ஒன்றில் ‘தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்னும் சொற்கள் வேற்றுமையுருபும் வினைமுற்றும் இன்றி அமைந்துள்ளன. ‘அந்தவன்’ என்பதன்பின் காற்புள்ளி இட்டால் ஆகோள் நிகழ்ந்த இடம் கூடல் ஊர் ஆகும். அறிஞர் பொதுவாகக் கொள்ளும் பொருளும் இதுவே. ‘ஊர்’ என்பதன்பின் இட்டால் அது வீரனைச் சார்ந்த ஊராகக் கருத இடமுண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் என்னும் ஊர் இன்றும் இருத்தலின், வட்டார வரலாற்றுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

முடிவுரை

எழுத்துவகை கல்லிலேயே உள்ளது. நிறுத்தக்குறி படிப்போரால் சேர்க்கப்படுவது. எனவே மூலபாடத்தைக் குறியின்றி, வரிப்பிரிப்பு மாறாமல் முதலிலும், குறியிட்ட பொருள்கோள் பாடத்தை அடுத்தும் தருதல் பதிப்புக்கு அரண் செய்யும்.